வெட்டிய வரி, வெட்டாத தாள்

அத்தியாயம் 7

புத்தகத்தைப் பார்த்துப் பயப்படுகிற போலீஸ்காரரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவர் இடுப்பில் ரிவால்வர். வாசலில் துப்பாக்கியோடு நான்கு மாத்தா, அதாவது போலீஸ் சிப்பாய்கள். இரும்பு அலமாரிக்கு இரண்டு பூட்டு. அத்தனை பந்தோபஸ்தும் ஏழு கவிதைப் புத்தகங்களுக்கு.

ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என்மேல் வழக்கு வரும். மலாயாவில் குளுவாங்குக்கும் செடெனாக்குக்கும் நடுவில் ஒரு ரயிலடி ஊர், சுற்றிலும் ரப்பர்த் தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் 1932. நான் ஜமால், வாடகைக் கார் ஓட்டுகிறவன். என் காரில் முன் சீட்டு எப்போதும் சபாபதி ஐயாவுக்குத்தான். ஒரு காலத்தில் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கூலிக்காரன் சொன்னதைத் துரைமாருக்குப் பிடிக்கிற மாதிரி மாற்றிச் சொல்லச் சொன்னார்கள். மாட்டேன் என்று கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வந்துவிட்டார். அதிலிருந்து ஊரில் யாருக்கு என்ன மர்மம் என்றாலும் அவரிடம்தான் வருவார்கள். அவர் முடிச்சை அவிழ்ப்பார். நான் வாயை அவிழ்ப்பேன். எங்கள் கூட்டு அப்படி.

இந்தத் தடவை வந்தவள் ராஜம்மா. அவள் புருஷன் அய்யாவு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர். காயத்துக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சலுக்குக் கொய்னா கொடுக்கிற வேலை. பத்து நாளைக்கு முன்னால் அவன் வீட்டில் ரஷ்யப் புத்தகம் இருக்கிறது என்று யாரோ மொட்டைக் கடிதம் போட்டார்கள். போலீஸ் வந்து புத்தகத்தையும் அள்ளியது, அவனையும் அள்ளியது. போல்ஷ்விக் என்று முத்திரை குத்தி, நாடு கடத்த உத்தரவும் வாங்கிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை சிங்கப்பூரில் கப்பல். ஜோகூர் பாரு ஜெயிலில் அவனைப் பார்க்க யாரையும் விடவில்லை.

அய்யாவு பிறந்தது செடெனாக்கில். நாகப்பட்டினம் எந்தத் திசை என்று கேட்டால் விழிப்பான். அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டு ‘உன் ஊருக்குப் போ’ என்பார்களாம். அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது. இப்போது எழுதும்போதும் எரிகிறது.

சனிக்கிழமை காலையில் இன்ஸ்பெக்டரே எங்களுக்கு ஆள் அனுப்பினார். வெள்ளைக்காரர். வெயிலில் சிவந்த மூக்கு, அதற்கு மேலே சந்தேகம் நிறைந்த இரண்டு கண்கள். மேசைமேல் ஒரு கனத்த நோட்டு விரித்து வைத்திருந்தது.

“ரகசியச் சங்கேதம்,” என்றார் இங்கிலீஷில். “எழுத்து தமிழ். ஆனால் வார்த்தை எதுவும் தமிழ் இல்லை. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணிதான் எங்களுக்குத் தமிழ் படித்துச் சொல்கிறார். அவரே ஒரு வாரமாகப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். நீங்கள் உடைத்துக் கொடுத்தால் கோர்ட்டு வேலைக்கு மறுபடியும் சிபாரிசு செய்கிறேன்.”

சிபாரிசு என்றதும் ஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கோபம் வந்தால் அவர் செய்கிற காரியம் அது ஒன்றுதான். பிறகு நோட்டை என் பக்கம் தள்ளினார்.

“ஜமாலு, சத்தமா படி. அர்த்தம் தேடாத. எழுத்துக் கூட்டிப் படி, போதும்.”

நான் படித்தேன். “பெருட் சாக்கிட். தீகா ஹாரி தா பேராக்.”

வாசலில் நின்ற மீசைக்கார மாத்தா துப்பாக்கி குலுங்கச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சங்கேதமாவது மண்ணாவது. சுத்தமான மலாய். வயிறு வலிக்கிறது, மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை.

“இதுக்கு ரெண்டு பூட்டு போட்டா வச்சிருக்கீங்க, துவான்?” என்றேன், மலாய்க்காரர் துரையைக் கூப்பிடுகிற சொல்லால். “வெளக்கெண்ண குடுத்திருந்தா கேஸு அப்பவே முடிஞ்சிருக்கும்லா.”

இன்ஸ்பெக்டரின் மூக்கு இன்னும் சிவந்தது. ஐயா பக்கத்தைத் திருப்பினார். அடுத்தது தெலுங்கு, கடுப்பு நொப்பி, அதுவும் வயிற்று வலிதான். அதற்கு அடுத்தது ஹொக்கியன், சீனக் கூலிகள் பேசுகிற பாஷை. எனக்கு அந்தப் பாஷையில் வசவு மட்டும்தான் தெரியும். ஆனால் இது வசவில்லை என்று தெரிந்தது.

“இது ஆஸ்பத்திரி வார்டு நோட்டு,” என்றார் ஐயா. “தேதி, பெயர், காய்ச்சல் அளவு, கடைசிப் பத்தியில் நோயாளி சொன்னது. தோட்டத்தில் பத்துப் பாஷைக்காரன் வேலை செய்கிறான். டிரசருக்குத் தெரிந்தது இரண்டு பாஷை. அதனால் எவன் எதைச் சொன்னாலும் காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வான். அந்தப் பாஷை தெரிந்த ஆள் வந்தால் படித்துக் காட்டுவான், பிறகு மருந்து கொடுப்பான். இந்தத் தோட்டத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்.”

“எல்லாருக்கும்?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“பெரிய கிராணி உட்பட.”

அதை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. சட்டென்று நோட்டின் நடுப் பக்கங்களைத் திறந்து விரலால் குத்தினார். “அப்படியானால் இது என்ன?”

நாற்பது பக்கம். “வேச்சர் தீஹி, ஸ்வேத் பகாஸ்” என்று ஆரம்பித்து, பாட்டுப் போல வரிவரியாக இறங்கியது. எனக்குத் தெரிந்த எந்தப் பாஷையும் இல்லை.

“இது ரஷ்யன். அந்தப் பியானோக்காரன் சொன்னது. நாற்பது நாள் ஒரு போல்ஷ்விக்கோடு உட்கார்ந்து பாடம் எழுதியிருக்கிறான் உங்கள் டிரசர். சாட்சியை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள், நன்றி.”

பியானோக்காரர் என்று ஊரில் எல்லாரும் சொன்னது ஒரு ரஷ்யக் கிழவரை. துரைமார் பங்களாக்களில் பியானோ சரிசெய்து பிழைத்தவர். தோட்டத்து மானேஜர் பங்களாவில் வேலை செய்யும்போதே காய்ச்சலில் விழுந்தார். கிழிந்த சட்டை போட்ட வெள்ளைக்காரனைப் பங்களாவில் வைத்துக்கொள்ள அவர்களுக்கு வெட்கம். கூலி வார்டில் போட்டார்கள். நாற்பது நாள் கிடந்து, ஜனவரியில் செத்துப்போனார். ஒரு தகரப் பெட்டியை அய்யாவுவிடம் விட்டுவிட்டுப் போனார்; அதில்தான் இந்தப் புத்தகங்கள் இருந்தன.

ஐயா புத்தகங்களைக் கேட்டார். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் பிடித்து எடுத்து வைத்தார். விஷப் பாட்டிலை எடுப்பதுபோல எடுத்தார் மனுஷர். ஏழும் மெல்லிய புத்தகங்கள். ஏழும் ஒரே புத்தகம்.

“ஒரே புத்தகத்தில் ஏழு பிரதி வைத்திருப்பவன் யார்? ஊருக்கு விநியோகம் செய்கிறவன்.”

“அல்லது எழுதினவன்,” என்றார் ஐயா. முதல் தாளில் ஒரு வாலிபனின் படம், அடியில் 1908 என்று அச்சு. அந்த வளைந்த மூக்கை நான் பார்த்திருக்கிறேன், பியானோக்காரருடையது. என் காரில் இரண்டு தடவை ஏறியிருக்கிறது.

ஒரு பிரதிதான் பிரித்துப் படிக்கப்பட்டிருந்தது. அதில் பல பக்கங்களில் நாலு வரி பாட்டு, பிறகு நாலு வரி வெறும் புள்ளி, மறுபடி பாட்டு என்று அச்சாகியிருந்தது. புள்ளிகளைச் சுற்றி இன்ஸ்பெக்டர் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். அதுவும் சங்கேதமாம். மற்ற ஆறு பிரதியும் தாள் வெட்டாதவை. பெரிய தாளை மடித்துத் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். வாங்குகிறவன்தான் மடிப்பைக் கத்தியால் வெட்டிப் படிக்க வேண்டும். கோர்ட்டுச் சட்டப் புத்தகங்களில் பார்த்திருப்பதாக ஐயா சொன்னார். மடிப்பு மேலேயும் பக்கவாட்டிலும் மூடியிருந்தது. அவர் ஒன்றைக் கையில் எடுப்பதற்குள் இன்ஸ்பெக்டர் பிடுங்கி அலமாரியில் வைத்தார்.

“நாளைக் காலை பத்து மணிக்கு இதெல்லாம் முற்றத்தில் எரியும். உத்தரவு.”

“துவான், அதுல என்ன எழுதியிருக்குன்னு யாருக்காச்சும் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியாது. அதனால்தான் எரிக்கிறோம்.”

கிளம்புமுன் ஐயா நோட்டை இன்னொரு தடவை புரட்டினார். கடைசிப் பக்கங்களில் ஒரு இடத்தில் நின்றார். பக்கத்துக்குப் பக்கம் அய்யாவு எண் போட்டிருந்தான். 212-க்கு அடுத்தது 215. நடுவில் ஒரு தாள் கிழிக்கப்பட்டிருந்தது. முன்பக்கத் தேதி மார்ச் எட்டு, பின்பக்கத் தேதி மார்ச் பத்து.

காரில் ஏறியதும் நான் ஸ்டியரிங்கைக் குத்தினேன்.

“மார்ச் ஒம்பது ஐயா. அன்னைக்குத்தான் ஐயாசாமிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க.”

ஐயாசாமி தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவன். காலையில் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, பெரட்டு, அங்கே நின்றவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். இரண்டு நாளில் பிணம். மலேரியாக் காய்ச்சல் என்று தோட்டத்து ஆபீசில் எழுதினார்கள். ஆனால் மானேஜருக்குக் கீழே இருந்த சின்னத் துரை உதைத்தார் என்று கூலிகள் குடியிருக்கும் லயம் முழுக்கப் பேச்சு. காய்ச்சல் என்று கையெழுத்துப் போட அய்யாவு மறுத்தான். மறுத்த ஐந்தாம் நாள் மொட்டைக் கடிதம்.

“தாள அந்தக் கிராணி கிழிச்சிருக்கான்,” என்றேன். “இந்நேரம் அடுப்புல போட்டுருப்பான். அவன் கை விளங்காமப் போக.”

“கிழிச்சிருக்கலாம்,” என்றார் ஐயா. “ராஜம்மா வீட்டுக்கு விடு.”

ராஜம்மாவின் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்தது. வாசலில் வண்டியை நிறுத்தியதுமே தெரிந்தது, யாரோ புகுந்திருக்கிறார்கள். தரைப் பலகையைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். தலையணையைக் கிழித்துப் பஞ்சைக் கொட்டியிருந்தார்கள். சாமி படத்தின் சட்டத்தைக்கூட உடைத்துப் பார்த்திருந்தார்கள். அவள் அழவில்லை. உடைந்த கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எப்ப வந்தாங்க?” என்றார் ஐயா.

“நேத்துத்தாங்க. கிராணி ஆளுங்க நாலு பேரு. டிரசரு வீட்ட காலி பண்ணணும்னு சொல்லிட்டு வந்து, மண்ணத் தோண்டுறானுங்க. காலி பண்றதுக்கு எதுக்குங்க மண்ணத் தோண்டணும்? கேட்டதுக்கு என்னைப் புடிச்சித் தள்ளிட்டானுங்க.”

நான் வாயைத் திறந்தேன். ஐயா கையைக் காட்டி நிறுத்தினார். அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. அப்படியென்றால் கோபம் இல்லை, யோசனை.

“ஜமாலு, கையில இருக்குற பொருளை யாராவது தேடுவாங்களா?”

“என் மூக்குக்கண்ணாடிய நான் தேடியிருக்கேன். நெத்தியில இருக்கும்.”

“கிராணி உன்ன மாதிரி இல்ல. அந்தத் தாள் அவன்கிட்ட இருந்தா நேத்து மண்ணத் தோண்டியிருக்க மாட்டான். அவன் கிழிக்கல. நோட்டைக் கைப்பத்தத்தான் மொட்டைக் கடிதம் போட்டு போலீசை ஏவி விட்டான். போலீஸ் கூடவே உக்காந்து ‘படிச்சும்’ பாத்தான். அவன் தேடுன தாள் மட்டும் அதுல இல்ல. யாரும் இதை ஆஸ்பத்திரி நோட்டுன்னு சொல்லிடக் கூடாதுன்னு சங்கேதம்னு கதை கட்டுனான்.”

“அப்ப கிழிச்சது?”

“அய்யாவு. கிராணி நோட்டைக் கேட்டதும் அந்த ஒரு தாள மட்டும் எடுத்து ஒளிச்சிட்டான். எங்க ஒளிச்சான்?” அவர் பெயர்த்த தரையைப் பார்த்தார். “இந்த வீட்டுல இல்ல. இவனுங்க தோண்டின தோண்டுல ஊசி இருந்தாலும் கெடச்சிருக்கும். இந்த வீட்டுல இருந்து வெளிய போன சாமான் என்னென்ன, ராஜம்மா?”

“போலீஸ் எடுத்துக்கிட்டுப் போனது மட்டுந்தாங்க. நோட்டு ஒண்ணு. அந்தப் புஸ்தகம் ஏழு.”

 எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. மேலேயும் பக்கவாட்டிலும் மூடிய மடிப்பு. அடியில் மட்டும் திறந்திருக்கும். ஒரு தாளைச் சுருட்டாமல் உள்ளே தள்ளினால் பை போலப் பிடித்துக்கொள்ளும். யாரும் திறக்காத ரஷ்யப் புத்தகத்தில் ஒளித்து வைத்தான் பாவி மனுஷன். அந்த ஒளித்த இடத்தையே போலீஸ் தூக்கிக்கொண்டு போய் இரண்டு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது. நாளைப் பத்து மணிக்குக் கொளுத்தப் போகிறது. ஜெயிலில் இருக்கிறவனுக்கு அதை யாரிடம் சொல்வது என்றும் தெரிந்திருக்காது. போலீசிடம் சொன்னால் துரையிடம் போகும். துரையிடம் போனால் நெருப்புக்குப் போகும்.

“அந்தக் கெழவரு பாவம்ங்க,” என்றாள் ராஜம்மா திடீரென்று. அவளும் வார்டில் ஆயா வேலை பார்த்தவள்தான். “சாவுற வரைக்கும் அந்தப் புஸ்தகத்த விடல. எழுத்து இருக்குற எடத்த எல்லாம் தாண்டிட்டு, புள்ளி இருக்குற எடத்துல வெரல வச்சு வச்சு சொல்லுவாரு. இவரு பக்கத்துல உக்காந்து எழுதுவாரு. புள்ளியில என்னத்தப் படிக்கிறாருன்னு நான் கேட்டேன். அவருக்கு கொஞ்சம் மலாய் வருங்க. ராஜா லாமா போத்தோங், ராஜா பாரு பாக்கார்னாரு.”

பழைய ராஜா வெட்டினான், புதிய ராஜா எரித்தான்.

ஐயா உடைந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். “அந்தப் புள்ளி சங்கேதம் இல்ல ஜமாலு. ஜார் ராஜா காலத்துல தணிக்கைக்காரன் வெட்டுன வரி. வெட்டுன எடத்துல புள்ளி வச்சு அச்சடிச்சிருக்காங்க. அப்புறம் புரட்சி வந்துச்சு. புதுசா வந்தவங்களுக்கும் அந்தப் பாட்டு புடிக்கல, மொத்தத்தையும் எரிச்சிட்டாங்க. மிஞ்சின ஏழையும் தூக்கிக்கிட்டு இந்த மனுஷன் உலகத்தச் சுத்தி இங்க வந்து செத்தாரு. போல்ஷ்விக் எரிச்ச புஸ்தகத்த, போல்ஷ்விக் புஸ்தகம்னு சொல்லி இவன் எரிக்கப் போறான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஜோகூர் சர்க்காருக்கு லீவு வெள்ளிக்கிழமை, தோட்டத்துக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. அதனால் போலீஸ் ஸ்டேஷனும் திறந்திருந்தது, சந்தைக்கு வந்த கூட்டமும் நிறைந்திருந்தது. முற்றத்தில் ஒரு எண்ணெய்ப் பீப்பாய். அதில் விறகு. போல்ஷ்விக்கை எரிப்பதைப் பார்க்க வேலிக்கு வெளியே முந்நூறு பேர். எரியப் போகிற போல்ஷ்விக் எந்த நாட்டு மிருகம் என்று ஒருவர் என்னைக் கேட்டார். ரயிலடி மாஸ்டரை ஐயாவே சொல்லி வரவழைத்திருந்தார். ஊரில் தந்தி அடிக்கிற கருவி அவரிடம்தான் இருந்தது.

பெரிய கிராணி மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டில் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்றார். எங்களைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வழித்து எறியலாம் போல எனக்குக் கை துறுதுறுத்தது.

ஐயா போனார். கெஞ்சவில்லை, வாதாடவில்லை. தொப்பியைக் கழற்றி மரியாதையாகச் சொன்னார். “எரிக்க வேண்டியதுதான். எனக்கு ஒரு சந்தேகம் மட்டும். ஆறு புத்தகத்தை யாருமே திறந்து பார்க்கவில்லையே. மடிப்புக்குள் என்ன இருக்கிறது என்று சிங்கப்பூர் மேலதிகாரி கேட்டால், பார்க்காமல் எரித்துவிட்டேன் என்று எழுதுவீர்களா?”

இன்ஸ்பெக்டரின் மூக்கு யோசித்தது. போல்ஷ்விக் ரகசியத்தைத் தன் கையால் கண்டுபிடிக்கப் போகிற புகழின் வாசனை அதற்கு எட்டியிருக்க வேண்டும். உள்ளே போய்க் கடிதம் கிழிக்கும் கத்தியோடு வந்தார். கூட்டம் பார்க்க, தானே வெட்டினார். முதல் புத்தகம், ஒன்றும் இல்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது.  ஐந்தாவது புத்தகத்தில் கத்தி ஒரு மடிப்பைத் திறந்ததும், நாலாக மடித்த தாள் ஒன்று நழுவி மண்ணில் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். “பார்த்தீர்களா? தமிழில் எழுதியிருக்கிறது.” அப்படியே கிராணியிடம் நீட்டினார். “படியுங்கள்.”

கிராணி படித்தார். உதடு அசையவில்லை, கண் மட்டும் ஓடியது. பாதியில் முகம் வெளுத்துவிட்டது. “இதுவும் சங்கேதம்தான் துரை,” என்று சொல்லிக்கொண்டே பீப்பாய்ப் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். நெருப்பு அப்போதுதான் பற்றியிருந்தது.

நான் வேலியை எப்படித் தாண்டினேன் என்று எனக்கே தெரியாது. அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். நாலு மாத்தாவும் என்மேல் துப்பாக்கியைத் திருப்பினார்கள். மீசைக்காரர் மட்டும் கொஞ்சம் மெதுவாகத் திருப்பினார்.

“படி ஜமாலு,” என்றார் ஐயா. “அர்த்தம் சேக்காத. எழுதினபடி படி.”

ரயிலடியில் சவாரி கூப்பிட்டுப் பழகிய தொண்டை என்னுடையது. அதை முழுக்கத் திறந்தேன்.

“மார்ச் ஒம்பது. ஐயாசாமி, வயசு முப்பத்தொண்ணு, பால் மரம் வெட்டுறது. காய்ச்சல் இல்லை. வயிறு வீங்கி இருக்கு. நோயாளி சொன்னது: பெரட்டுக்கு லேட்டா வந்தேன். கிராணியய்யா ரெண்டு கையயும் பின்னால புடிச்சிக்கிட்டாரு. சின்னத் துரை பூட்ஸ் காலால வயித்துல மூணு ஒத ஒதச்சாரு. விட்டுருங்க சாமின்னு சொன்னேன். சின்னத் துரை சிரிச்சாரு. எனக்குக் காய்ச்சல் இல்ல டிரசரே. காய்ச்சல்னு எழுதிறாதீங்க.”

ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஐயாவின் இங்கிலீஷ் வந்தது. கோர்ட்டில் நிற்கிற அதே குரல். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. அடியில் ஐயாசாமியின் பெருவிரல் ரேகை இருந்தது. நான் தாளைத் திருப்பிக் காட்டினேன்.  வேலிக்கு வெளியே எங்கோ ஒரு பொம்பிளை ஓவென்று அழுதாள். அவன் பெண்சாதி புஷ்பவள்ளி என்று பின்னால் தெரிந்தது.

“இது போலி,” என்றார் கிராணி.

“உங்கள் நோட்டில் வைத்துப் பாருங்கள்,” என்றார் ஐயா இன்ஸ்பெக்டரிடம். “212-க்கும் 215-க்கும் நடுவில். கிழிசல் பொருந்துகிறதா பாருங்கள். புத்தகத்தை வெட்டினதும் நீங்கள், தாளைக் கண்டுபிடித்ததும் நீங்கள். முந்நூறு பேர் சாட்சி. இப்போது ஒன்று சொல்லுங்கள். இந்த நோட்டு சங்கேதமா, ஆஸ்பத்திரிப் பதிவா? சங்கேதம் என்றால் ஏன் இந்த வரி இவ்வளவு நன்றாகப் புரிகிறது? பதிவு என்றால் ஒரு டிரசரை எதற்காகக் கப்பலில் ஏற்றுகிறீர்கள்?”

ரயிலடி மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “தந்தி எந்த ஊருக்கு சபாபதி, சிங்கப்பூருக்கா? நாலு பத்திரிகைக்கும் சேர்த்தா?” என்று உரக்கக் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் சின்னத் துரையோடு கிளப்பில் சீட்டாடுகிறவர். அது ஊருக்கே தெரியும். அவர் முகத்தில் சீட்டுக் கட்டும் சட்டப் புத்தகமும் சண்டை போட்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கடைசியில் மேசைக்குப் போனார். நோட்டின் அட்டையில் ‘தோட்ட ஆஸ்பத்திரிப் பதிவேடு, மரண விசாரணைச் சாட்சியம், பத்திரப்படுத்துக’ என்று இங்கிலீஷில் எழுதி, சர்க்கார் முத்திரையைக் குத்தினார். கிராணியை உள்ளே உட்காரச் சொன்னார். வெள்ளைக் கோட்டில் அப்போதுதான் முதல் மடிப்புக் கலைந்தது.

நான் கை தட்டலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் திரும்பி வந்து, ஏழு புத்தகங்களையும் இரண்டு கையாலும் அள்ளிப் பீப்பாயில் போட்டார்.

“துவான்,” என்றேன். “இப்பத்தான் சங்கேதம் இல்லன்னு எழுதினீங்க.”

“நோட்டைப் பற்றித்தான் எழுதினேன். புத்தகத்துக்கு உத்தரவு இருக்கிறது.”

யாருக்கும் பிரயோஜனம் இல்லாத நெருப்பு. அந்த ஆளுக்கே பிரயோஜனம் இல்லை. பயந்தவன் பயந்ததாக ஒப்புக்கொள்ள மாட்டான், எரித்துவிட்டுக் கடமை என்பான். இருபத்து நாலு வருஷமாக மடித்துக் கிடந்த பக்கங்கள் அன்றுதான் வெளிச்சம் பார்த்தன. இரண்டு நிமிஷம் பார்த்தன. ஜார் வெட்டினான், புதியவன் எரித்தான், மிச்சத்தை எரிக்க எங்கள் ஊர் இன்ஸ்பெக்டர். மூன்று சர்க்காருக்கும் ஒன்றோடொன்று ஆகாது. இந்த ஒரு காரியத்தில் மட்டும் மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். நான் வாய்விட்டுத் திட்டினேன். எனக்குத் தெரிந்த ஹொக்கியன் முழுவதும் அன்று செலவானது.

திங்கட்கிழமை சாயங்கால ரயிலில் அய்யாவு வந்து இறங்கினான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ராஜம்மா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாடு கடத்தும் உத்தரவு ரத்து. கிராணி காவலில். சின்னத் துரைக்கு மட்டும் ‘உடம்பு சரியில்லை’ என்று மலைக்கு லீவு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உதைத்தவனுக்கு லீவு. அவனை எப்படிக் கீழே இறக்குவது என்று ஐயா அப்போதே யோசித்துக்கொண்டிருந்தார்.

காரில் ஏறியதும் அய்யாவு கேட்ட முதல் கேள்வி, “புஸ்தகம் என்னாச்சு பாய்?”

“எரிச்சிட்டானுங்க.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நோட்டு இருக்கு,” என்றார் ஐயா முன் சீட்டிலிருந்து. “அந்த நாப்பது பக்கமும் அதுலதான் இருக்கு. ஐயாசாமி கேசுல அது சாட்சி. சர்க்கார் முத்திரை குத்தி, சர்க்கார் அலமாரியில வச்சிருக்கு. இனிமே அதுல ஒரு தாளக் கிழிச்சாலும் ஜெயிலு. அந்த மனுஷனோட வெட்டுப்பட்ட வரி உலகத்துல வேற எங்கயும் இல்ல அய்யாவு. உன் எழுத்துல மட்டுந்தான் இருக்கு.”

 பால் மரங்கள் இரண்டு பக்கமும் பின்னால் போயின. பிறகு பின் சீட்டில் ஒரு முணுமுணுப்புக் கேட்டது. “வேச்சர் தீஹி, ஸ்வேத் பகாஸ்...” அய்யாவு கண்ணை மூடிக்கொண்டு வரிவரியாகச் சொன்னான். தவறாத தாளம். ராஜம்மா தன் முழங்காலில் விரலை வைத்து வைத்து, புள்ளி எண்ணுவதுபோல அவன் கூடவே நகர்த்திக்கொண்டு வந்தாள்.

முடிந்ததும் நான் கேட்டேன். “அதுக்கு என்ன அர்த்தம், டிரசரே?”

“தெரியாது பாய்,” என்றான் அய்யாவு. “எங்கயோ வலிக்குதுன்னு சொல்றாருன்னு நெனச்சுத்தான் எழுதினேன்.”